வளைவில் அடுக்கிய வைக்கோல்

இன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நனைந்த வைக்கோல் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தன. ஓசூருக்கு வெளியே, இப்போது குடோன்கள் நிற்கும் இடத்தில் நான் சின்னவளாக இருந்தபோது செம்மண் மைதானம் இருந்தது. அங்கே பைக் ரேஸ் நடக்கும்போதெல்லாம், தமிழும் கன்னடமும் தெலுங்குமாகக் கத்தும் கூட்டத்தில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஏழாம் நம்பர் பைக் ஓட்டும் அண்ணனுக்காக நானும் கத்துவேன்.

ஒருமுறை பாதி ரேஸில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி சறுக்கினால் அடிபடாமலிருக்க வளைவில் இருந்த பாறையை ஒட்டி அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளை, சேற்றில் உட்கார மனமில்லாத கூட்டம் ஆளுக்கொன்றாக உருவியது. அப்பாவும் ஒன்றை இழுத்துவந்து என்னை உட்காரவைத்தார். அடுத்த சுற்றிலேயே ஏழாம் நம்பர் அண்ணன் சறுக்கிப்போய் வெறும் பாறையில் மோதினார். கால் முறிந்து அலறியவரைத் தூக்கிப்போனார்கள்.

டீக்கடையில் எல்லோருக்கும் அதே பேச்சு.

"மழையில அவ்ளோ வேகம் எதுக்கு? அவன் தப்புதான்," என்றார் அப்பா.

"அங்க வைக்கோல் இல்லையேப்பா," என்றேன்.

"அது தண்ணியில அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. நீயும் பாத்தியே பாப்பா?"

அப்பா பொய் சொல்வார் என்றே எனக்கு அதுவரை தெரியாது. அதற்கு என்னையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். கடையே என்னைப் பார்த்தது.

நான் தலையாட்டினேன்.