மரத்தடி வகுப்பைப் பக்கீர் நம்பவில்லை

முள்ளியவளையில் மோட்டார் சைக்கிளில் பிளாஸ்டிக் வாளி, பேசின் விற்றுத் திரியும் பக்கீர் எதையும் எளிதில் நம்பாதவர். மழை வரும் என்று வானொலி சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். வராது என்றால் எடுத்துப் போவார். அதனால் அவர் அதிகம் நனைந்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவரிடம்தான் நாலாம் தரத்தில் படிக்கும் மகள் அஸ்மியா சொன்னாள்: "வாப்பா, இனிச் சுற்றாடல் பாடம் குளக்கட்டு மருதமரத்துக்குக் கீழதானாம். கௌசலா டீச்சர் சொன்னவா."

பக்கீர் கையிலெடுத்த பிட்டு வாய்க்குப் போகவில்லை.

பள்ளிக்கூடம் மரத்தடிக்கு வந்தால் என்ன பொருள் என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டு ஊரைவிட்டுப் புத்தளத்து முகாமுக்குப் போனபோது, அவரும் நாலாம் தரத்தைத் தென்னைமரத்தின் கீழ்தான் படித்தார். முதலில் ஓட்டம், பிறகுதான் மரத்தடி என்பது சரித்திரம். ஆனால் பயத்துக்கு வரிசை முக்கியமில்லை. கையைக் கழுவியதும் சூட்கேசை இறக்கித் தூசு தட்டினார்.

"இஞ்சாருங்கோ, எங்க பயணம்?" என்றாள் மனைவி ஸுஹறா.

"எங்கயெண்டு தெரிஞ்சால் ஏன் பயப்பிடுறன்?"

"அந்த டீச்சர்ப் பிள்ளை குருவி காட்டப் போறா. குருவிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுற ஆளை இப்பதான் பாக்கிறன்."

"குருவி பாக்க ஏன் வகுப்பை வெறுமையாக்கோணும்? பிள்ளையை வவுனியாவில தங்கச்சி வீட்டில விட்டுப் படிப்பிப்பம். அங்க பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இருக்கு."

அஸ்மியா விக்கி விக்கி அழுதாள். அதுவும் சந்தேகத்தைக் கூட்டியது. வகுப்பில் பெயர் கூப்பிட்டாலும் வாய்திறக்காத பிள்ளை என்று போன தவணை முழுக்க முறைப்பாடு. அது இப்போது பள்ளிக்கூடத்துக்காக அழுகிறதென்றால், யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள்.

மறுநாள் பக்கீர் உளவு பார்க்கப் போய், குளக்கட்டருகே ஈச்சம்பற்றைக்குப் பின்னால் மறைந்துகொண்டார். சிவப்பும் நீலமுமாகப் பேசின்கள் அடுக்கிய மோட்டார் சைக்கிளோடு மறைந்த உளவாளி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் சத்தமில்லாமல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எழும்பினாள்.

"டீச்சர், நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காயவிடுது. கொக்கு அப்பிடிச் செய்யேல்ல. ஏன் டீச்சர்?"

குரல் பற்றைவரை கணீரென்று வந்தது. அது தன் வீட்டுக் குரல்தானா என்று பக்கீர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், பற்றைக்குள்ள ஏதோ அசையுது!" என்றான் ஒருவன்.

"கத்தாதேங்கோ, பறந்திடும். என்ன நிறம்?"

"அது பறக்காது டீச்சர்," என்றாள் அஸ்மியா. "எங்கட வாப்பா."

பக்கீர் மரியாதை குறையாமல் வெளியே வந்தார். "டீச்சர், மறைக்காமச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லையே, பக்கீர் நானா. பாடம் முடிய அங்கதான் போவம்."

"போகேக்க அது அங்க இருக்குமோ?"

சிரிக்கப்போன கௌசலா நிறுத்திக்கொண்டாள். "நானும் சண்டை நேரம் மரத்துக்குக் கீழ படிச்சனான், நானா. அப்ப திரும்பிப் போக வகுப்பு இருக்கேல்ல. இப்ப இருக்கு. கதவைத் திறந்து விட்டிட்டுத்தான் வந்தனான்."

"திறந்து விட்டிட்டோ!" பக்கீர் மகளைப் பார்த்தார். "வவுனியா வேண்டாம். நீ இஞ்சயே இருந்து கேள்வியைக் கேள்." மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

வெறும் வகுப்பறையில், முழங்கால் நெஞ்சில் முட்டச் சின்னக் கதிரையில் இருந்த பக்கீரைப் பள்ளிக்கூட அதிபர் சிற்றம்பலம் கண்டார்.

"என்ன பக்கீர், இதுக்குள்ள?"

"பிள்ளையள் வரும்வரைக்கும் இருக்கிறன், சேர். வெறுங்கட்டிடத்துக்குள்ள வேற ஆரும் வந்து குந்தினால்?"

அதிபர் தானும் ஒரு சின்னக் கதிரையை வாசலோரம் இழுத்துப் போட்டார்.