அப்பா ‘தெரியவில்லை’ என்று எழுதிய இடங்கள்

எங்கள் அப்பா ஆண்டவரிடம் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு ஜெபத்துக்கு வரும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு ஒரே மகளான எனக்கு வந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் சரிதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்பா எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை கரும்பு வெட்டும் கூலியாள். வெட்டு நடக்கும் மாதங்களில் விடியற்காலையில் வயலில் வேலை செய்துவிட்டுத்தான் அப்பா பள்ளிக்குப் போவாராம். பிறகு திருக்கோவிலூரில் விடுதியில் தங்கிப் படித்து, விலங்கியலில் ஆய்வு செய்து, கல்லூரி ஆசிரியரானார். விடுமுறை என்றால் கல்வராயன் மலைதான். அங்கே நத்தை ஓடுகளைச் சேகரிப்பார். ஒரே இனத்து நத்தைகள் குன்றுக்குக் குன்று பிரிந்து நெடுங்காலம் வாழ்ந்து எப்படி வேறு வேறாக மாறின என்பதே அவருடைய ஆய்வு.

ஞாயிறு ஆராதனையை அவர் தவறவிட்டதில்லை. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் கண்மூடி ஜெபித்த பிறகே ஏறுவார். கல்லூரியில் படித்த காலத்தில் ஒருநாள் அவருடைய குறிப்பேட்டைப் புரட்டியபடி கேட்டேன்.

“இவ்ளோ ஜெபம் பண்றீங்க, நோட்டுல ஆண்டவர் பேரே இல்லியேப்பா. எங்க பாத்தாலும் ‘தெரியவில்லை’, ‘தெரியவில்லை’ன்னுதான் இருக்கு.”

“எனக்குத் தெரியாத எடத்துல அவர் பேர எழுதிட்டா, நாளைக்குத் தெரிஞ்சதும் அடிக்கணும். அவர் பேர அடிக்க எனக்குக் கை வராதும்மா.”

அன்று அது எனக்கு மனதில் ஏறவில்லை.

இனி எழுதுவதை எழுத வேண்டாம் என்றார் அப்பாவின் அக்காவான என் அத்தை. “நல்ல மனுஷன், சபைக்கு ஒழைச்சாருன்னு எழுதிட்டு வுடு. என் தம்பி கொரங்குல இருந்து வந்தவன்னு ஏற்கெனவே பேசிக்கினு இருக்காங்க. அப்ப நான் இன்னாவாம்?” அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் தவறு செய்தது நான்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தாத்தா காட்டிய ஓடுகளைப் பற்றியும் நத்தைகள் வேறு வேறாக மாறியதைப் பற்றியும் ஞாயிறு பள்ளியில் சொல்லியிருக்கிறாள். “உங்க அப்பாவுக்கு விசுவாசம் இருக்குதுங்களா?” என்று ஆசிரியை தணிந்த குரலில் என்னிடம் கேட்டார். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போனேன்.

“பாப்பாகிட்ட இந்த நத்தை விஷயமெல்லாம் வேணாம்ப்பா. நாலு பேர் நாலு விதமா பேசறாங்க.”

“சரிம்மா.”

“கோவமா?”

“இன்னா கோவம்? உன் புள்ள, உன் பயம்.”

அன்றே நத்தை ஓடுகள் இருந்த டப்பா பீரோ மேல் ஏறியது. அதன் பிறகு அவர் பாப்பாவை மலைக்கு அழைத்துப் போகவில்லை. உடல் நலிந்து கள்ளக்குறிச்சியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய நாட்களில் அவள் கட்டிலருகே நின்று டப்பாவைக் கேட்டாள். “அம்மாவக் கேளு” என்றார். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரமே போய்விட்டார்.

அப்பாவுக்கு விசுவாசம் இருந்தது. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். இன்று உங்கள் எல்லோர் முன்பும் சொல்கிறேன்.

கடைசி நாட்களில் வீடு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அத்தைக்கும், அவரைத் தோளில் சுமந்த பழைய மாணவர்களுக்கும், மலையில் அவர் பசித்தபோதெல்லாம் கூழ் ஊற்றிய வெள்ளிமலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் நன்றி.

போன வாரம் டப்பாவை இறக்கிப் பாப்பாவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியவள் ஒரு சிறிய ஓட்டை நீட்டினாள்.

“இது மட்டும் ஏம்மா எதிர்ப்பக்கமா சுத்திக்கினு இருக்குது?”

ஆண்டவர் அப்படிப் படைத்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.

“தெரியல பாப்பா. மலைக்குப் போய்ப் பாக்கலாம்.”