புரோக்கர் மகளை ஒளித்து வைத்த வெப்சைட்

வெப்சைட் செய்து கொடுக்கும் தொழில் என்பது, காட்டச் சொன்னதை மறைப்பதும், மறைக்கச் சொன்னதைக் காட்டுவதும், பிறகு இரண்டுக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவதும்தான்.

இதே பிழைப்பில் இருக்கிற சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. வெப்சைட் பக்கத்தில் இருக்கிற படத்தையோ எழுத்தையோ ஒரு பொத்தானைத் தட்டினால் காட்டவும், மறுபடி தட்டினால் ஒளிக்கவும் ஜாவாஸ்கிரிப்டில் நாலைந்து வரி எழுதினால் போதும். அந்த நாலைந்து வரியால் எனக்குக் கிடைத்த மரியாதையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் என் ஆபீஸ். நானும் ஜான்சனும்தான் மொத்தக் கம்பெனி. நான் கோடிங் எழுதுவேன். அது ஓடவில்லை என்று ஜான்சன் சொல்வான்.

மாலை போட்ட வாடிக்கையாளர்கள்

கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு வந்து, மாலை போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றுவார்கள். இது உங்களுக்குத் தெரியும். தணிகாசலம் அண்ணனுக்கும் தெரியும். அவர் கல்யாண புரோக்கர். கோயிலுக்குப் போகிற வழியிலேயே கடை போட்டிருக்கிறார். மற்ற தொழில்களில் வாடிக்கையாளர் யார் என்று நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய வாடிக்கையாளர்கள் கழுத்தில் மாலையோடு எதிரே நடந்து வருவார்கள். அவர் கார்டை நீட்ட வேண்டியதுதான் பாக்கி.

கார்டு கொடுத்துக் கை வலித்ததால் வெப்சைட் வேண்டும் என்று என்னிடம் வந்தார். எல்லா வரன்களும் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டும். தட்டினால் படிப்பு, வேலை, நட்சத்திரம் எல்லாம் விரிய வேண்டும். போன் நம்பரை மட்டும் மறைக்க வேண்டும் என்றார். பார்க்கிறவர்களுக்கு நம்பரும் இருந்தால் வசதிதானே என்று நான் அப்பாவியாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு தெரியணும், நம்பர் தெரியக்கூடாது. நம்பரும் தெரிஞ்சுட்டா அப்புறம் நான் இன்னாத்துக்குக் கீறேன்?"

ரெண்டு தட்டு

சைட் வெளியான வாரமே ஒரு கோளாறு. 'முழு விவரம்' என்ற பொத்தானை முதல் தடவை தட்டினால் ஒன்றும் நடக்காது. இரண்டாவது தடவை தட்டினால்தான் திறக்கும். நம் ஆட்களுக்குக் காரணம் உடனே தெரிந்திருக்கும். விவரத்தை மூடி வைத்தது பக்கத்தின் அலங்காரக் குறிப்பு. அது மூடியிருக்கிறதா என்று என் கோடிங் வேறு இடத்தில் போய்க் கேட்டது. அங்கே பதில் இல்லாததால், திறந்துதான் இருக்கிறது என்று தானே முடிவு செய்துகொண்டு, மூடியிருந்ததையே இன்னொரு முறை மூடியது.

ஜான்சன் கண்டுபிடித்துச் சொல்ல, நான் அவசரமாகச் சரி செய்தேன். அதற்குப் பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. இத்தனை நாளில் ஜனங்கள் ரெண்டு தட்டுக்குப் பழகிவிட்டிருந்தார்கள். பெண் வீடு என்றால் முதல் தட்டிலேயே கதவு திறக்காது, அதுதான் முறை என்று ஓர் அம்மா மற்றவர்களுக்கு விளக்கமே கொடுத்திருக்கிறார். இப்போது பழக்கதோஷத்தில் ரெண்டு தட்டு தட்ட, முதல் தட்டில் திறந்த விவரம் இரண்டாம் தட்டில் மூடிக்கொண்டது. எல்லாரும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாக்கீறத எதுக்கும்மா ரிப்பேர் பண்றீங்க?"

காலியாக ஒரு கட்டம்

ஒரு நாள் அண்ணன் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவருக்கு ஒரே மகள், மகேஸ்வரி. வயது முப்பது. மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அவளையும் சைட்டில் போட வேண்டும். ஆனால் ஊர்க்காரர் யார் கண்ணிலும் படக்கூடாது. புரோக்கர் மகளுக்கே வரன் அமையவில்லை என்று தெரிந்தால் கடைக்கு எவன் வருவான் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். சைட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் தங்கள் பெயரைக் கொடுத்து, ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே வைத்திருந்தேன். திருவிடந்தையும் அக்கம்பக்கமும் என்றால் மகேஸ்வரியை ஒளி, மற்றவர்களுக்குக் காட்டு என்று எழுதிவிட்டேன்.

ஒளிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆளையும் எடுத்துவிடும், ஆள் இருந்த இடத்தையும் எடுத்துவிடும். இன்னொன்று, ஆளை மட்டும் மறைத்துவிட்டு இடத்தை அப்படியே வைத்திருக்கும். நான் அவசரத்தில் இரண்டாவதை எழுதித் தொலைத்தேன். ஊர்க்காரர் போனிலெல்லாம், வரன்களுக்கு நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கட்டம். ஒளிக்காமலே விட்டிருந்தால்கூட அவ்வளவு பேர் கவனித்திருக்க மாட்டார்கள். கோயில் வாசல் டீக்கடைக்காரர், டீ ஆற்றிக்கொண்டே, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அண்ணனிடம் கேட்டிருக்கிறார்.

"நடுவுல ஒரு வூடு மட்டும் காலியாக் கீதே அண்ணாத்த, யாருக்கு ரிசர்வு?"

கம்பெனி பஸ்ஸில் வந்தவள்

அந்தக் கட்டத்தை நான் சரி செய்து முடித்த சாயங்காலம், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சீருடையோடு ஒரு பெண் மாடியேறி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. "என்னை ஒளிச்சு வெச்சிருக்கிறது நீங்கதானா?" என்றாள். மகேஸ்வரி. நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். ஒளித்தது போதாது, முழுசாக ஒளிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அதே கம்பெனியில், அதே பஸ்ஸில் வருகிற குமரேசனை அவள் இரண்டு வருஷமாக விரும்புகிறாள். அப்பாவிடம் சொல்லத்தான் பயம். அடிப்பார் என்கிற பயமில்லை. புரோக்கர் வீட்டிலேயே காதல் கல்யாணம் என்றால் அவர் கடையில் உட்கார முடியாமல் போய்விடுமே என்கிற பயம்.

சைட்டைப் பார்த்து எவனாவது நல்ல வரன் வந்துவிட்டால் அப்பா பேசி முடித்துவிடுவார். அப்புறம் இல்லை என்று சொல்ல வாய் வராது. குமரேசனுடைய அக்கா கல்யாணம் முடிகிறவரை எப்படியாவது தள்ள வேண்டும். எடுத்துவிடலாமா என்றால் அதுவும் கூடாது, அப்பா தினமும் காலையில் மகள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கிறார். பணம் கொடுப்பவர் அப்பா. ஆனால் கண்ணெதிரே நின்றவள் மகள். எனக்கு அந்த அழுத்தக்காரியைப் பிடித்துப்போயிற்று. தணிகாசலம் என்ற பெயரில் உள்ளே வந்தால் மட்டும் காட்டு, வேறு யார் வந்தாலும் ஒளி என்று மாற்றி எழுதினேன். சரிதானா என்று திருப்பிக் கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான்.

"எங்கப்பா பாக்கற இடத்துல நான் இருக்கணும்க்கா. மத்தபடி நான் எங்கியும் இல்ல."

மின்னி மறைந்தவர்

வரன் வராததற்கு அண்ணன் முதலில் கிரகங்களைத் திட்டினார். நான் அதை ஆமோதித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கடற்கரைப் பக்கம் நெட் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கம் முதலில் வந்து விழும். ஒளிக்கச் சொல்கிற கோடிங் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் ஒளிய வேண்டியவர்கள் ஒரு கணம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடுவார்கள். முதலில் ஒளித்து வைத்துவிட்டுப் பிறகு தேவையானதை மட்டும் காட்ட வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

நாவலூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் பீச்சில் உட்கார்ந்து சைட்டைத் திறந்திருக்கிறான். ஊர் தூத்துக்குடிப் பக்கம். நல்ல சம்பளம், நல்ல பையன், அண்ணன் கையில் கிடைத்தால் விடமாட்டார். நல்ல வேளையாக, ஒரு பெண் முகம் மின்னி மறைகிறது, சைட்டில் கோளாறு என்று பக்கத்தின் அடியில் இருந்த என் நம்பருக்கு அடித்தான். நான் பேசிக்கொண்டே கோடிங்கைத் திருத்தினேன். அவன் மறுபடி திறந்து பார்த்துவிட்டு, இப்போது மின்னக்கூட இல்லையே என்று வருத்தப்பட்டான். போனை வைக்க மனசே இல்லை அவனுக்கு.

"ஒரே ஒரு செகண்ட்தான் மேடம், அவங்க தெரிஞ்சாங்க, நல்லா சிரிச்ச முகம். திரும்ப எப்ப வருவாங்க?"

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போன்

கடைசியில் மாட்டியது இப்படி. கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற ஒருவர் மனைவியோடு அண்ணன் கடைக்கு வந்து, மகனுக்குப் பெண் கேட்டார். குடும்பம் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "உங்க போன்லயே பாருங்க, என் பொண்ணே கீறா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் தேடினார்கள். மேலே போனார்கள், கீழே வந்தார்கள். மகேஸ்வரி இல்லை. அண்ணன் தன் போனைத் திறந்தார். சிரித்துக்கொண்டு இருக்கிறாள். இரண்டு போனையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எனக்கு ஸ்பீக்கரில் அடித்தார்.

பதில் தெரியாதபோது நாமெல்லாம் என்ன சொல்வோமோ அதையே சொன்னேன்: "போன்ல பழைய பக்கம் தேங்கியிருக்கும், கேஷ் க்ளியர் பண்ணிப் பாருங்கண்ணே." கல்பாக்கத்துக்காரர் பாவம், பொறுமைசாலி. நான் சொன்னபடி எல்லாவற்றையும் துடைத்தார். அவருடைய பாங்க் கணக்கு, மெயில் எல்லாம் உள்ளே விட மறுத்ததுதான் மிச்சம். மகேஸ்வரி வரவில்லை. எனக்குப் போனால் ஒரு வாடிக்கையாளர் போவார், அவளுக்கு வாழ்க்கையே அல்லவா என்று நினைத்தபோது, விளையாட்டாகச் செய்ததெல்லாம் விளையாட்டாகத் தெரியவில்லை. அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"என் போன்ல என் பொண்ணு கீறா, வேற எவன் போன்லயும் இல்ல. இது எந்த ஊர் கம்ப்யூட்டர்மா?"

முதல் பக்கம்

பார்த்துச் சொல்கிறேன் என்று அண்ணனிடம் போனை வைத்துவிட்டு, உடனே மகேஸ்வரிக்கு விஷயத்தைச் சொன்னேன். "நீங்க எதுவும் சொல்லாதீங்கக்கா, நானே சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் அண்ணன் ஆபீஸ் படியேறி வந்தார். அவர் தலையைப் பார்த்ததுமே ஜான்சன் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன், திரும்பவே இல்லை. அண்ணன் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் மேஜையில் வைத்தார். சீருடையில் ஒரு பையன், அடையாள அட்டையோடு. குமரேசன்.

"எங்கிட்ட சொல்ல ரெண்டு வருஷம் பயந்துகினு இருந்திருக்காம்மா" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் மனுஷன் தொழில்காரர். அடுத்த மூச்சில் நிமிர்ந்துவிட்டார். பையனை முறைப்படி சைட்டில் பதிய வேண்டும். மகேஸ்வரியை எல்லாருக்கும் காட்ட வேண்டும். பையன் வீட்டுக்கு அவரே போன் செய்வார், முதலில் புரோக்கராகப் பேசுவார், அப்புறம் அப்பாவாகப் பேசுவார். நட்சத்திரப் பொருத்தம் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம், பிரமாதமாம். எல்லாரையும் போலத் தன் மகளுக்கும் தானே அமைத்த வரனாகத்தான் அது ஊருக்குத் தெரிய வேண்டும். படியிறங்கப் போனவர் திரும்பி வந்து விரலை நீட்டினார்.

"கல்யாண போட்டோவ மொத பக்கத்துல பெரிசாப் போட்டு, 'நம்ம சைட்ல அமைஞ்ச வரன்'னு எழுது. அத்த மறைக்கறதுக்கு எதுனா பட்டன் வெச்சே, உனக்கும் அந்த ஜான்சன் பையனுக்கும் பந்தியில எல கெடையாது."

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாலே நாதஸ்வரத்தோடு கல்யாண வீடியோ தானாக ஓடுகிறது, அதை நிறுத்த ஒரு பொத்தான் வைக்கச் சொல்லி மகேஸ்வரி கெஞ்சுகிறாள், வைத்தால் கொன்றுவிடுவேன் என்கிறார் அண்ணன், ஆக என் பிழைப்பு இன்னும் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவிலேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.