சமாதானத்துக்கு ஒரு பைபாஸ்

எங்கள் சபையில் சமாதானத்துக்கு ஒரு வாசனை இருந்தது. தேங்காய் எண்ணெய், முகப்பவுடர், ஒன்றிரண்டு பெரியவர்களின் மூக்குப்பொடி, காலையில் அவசரமாக விழுங்கிய இட்லியின் மிளகாய்ப்பொடி எல்லாம் கலந்த அந்த வாசனை, மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்து ஞாயிறுகளில் பீடத்திலிருந்து புறப்பட்டு, கைக்குக் கை மாறி, நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்த ஏழாவது பெஞ்சுக்கு வந்து சேரும்போது லேசாக வியர்த்தும் போயிருக்கும். போதகர் தன் கூப்பிய கைகளை முன்வரிசைக்காரரின் கைகளுக்குள் வைத்து 'சமாதானம்' என்பார். அவர் பின்னால் இருப்பவருக்கு அதையே கொடுப்பார். அப்படியே கடைசி பெஞ்சுவரை போகும். வேறு எதையும் யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லாத எங்கள் ஜனங்கள் இதை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள், ஏனென்றால் இதைக் கொடுத்தால் கையை விட்டு எதுவும் போவதில்லை.

தாம்பரத்தில் பைபாஸ் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கமிட்டி அங்கத்தினர்கள் உலக சமாதானத்துக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் சண்டை, எங்கே குண்டு விழுந்தது, எங்கே சபைகள் எரிந்தன என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கீழே போட வேண்டும் என்று ஆண்டவரிடம் அவ்வளவு உருக்கமாக மன்றாடிய இதே மனிதர்கள்தான், அந்த வருஷத்துக் கமிட்டி எலெக்ஷனில் ஆலய வளாகத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வீசிக்கொண்டார்கள். வீசியவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். எதிர் அணியில் நின்றவர் தனராஜ் அங்கிள், பள்ளிக்கூட வாத்தியார், பத்து வருஷமாக எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்தைச் சாப்பிட்டவர். ஓட்டு எண்ணி முடித்ததும் வார்த்தை தடித்தது, தனராஜ் அங்கிள் கையை ஓங்கினார், அப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பாக்கெட் கிழிந்து தொங்கியது. அடுத்த ஞாயிறு இருவரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் குடித்துவிட்டு வந்தார்கள். "சண்டை வேற, சாமி வேற" என்றார் அப்பா வீட்டில். இந்த ஞானத்தை அவர் எந்த வேதபாட வகுப்பில் கற்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா அன்றைக்கு எழுந்து போகவில்லை. திருவிருந்துப் பந்திக்குப் போகாதது மட்டுமல்ல, முன்பெஞ்சிலிருந்து வந்த சமாதானத்தைக் கையில் வாங்காமலே உட்கார்ந்துவிட்டாள். ஏழாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்தவள் அவள்தான் என்பதால், சமாதானம் அவளோடு நின்றுபோனது. பின்னால் ஆறு பெஞ்சுக்காரர்கள் நீட்டிய கையோடு முழித்துக்கொண்டிருந்தார்கள். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை டேவிட் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"யம்மா, வாங்கிக் குடுத்துடும்மா. பின்னாடி ஜனம் கைய நீட்டிகினு கீது."

"என் வீட்டுல இல்லாததை நான் எப்படி டேவிட் அடுத்தவங்களுக்குக் குடுக்கறது?" என்றாள் அம்மா. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பாட்டு இல்லாத நேரம், எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த மாதமும் அப்படியே. கமிட்டி அவசரமாகக் கூடியது. அப்பாவையும் தனராஜ் அங்கிளையும் கூப்பிட்டுக் கைகொடுக்கச் சொல்வார்கள் என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள்? எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஆறாவது பெஞ்சில் சமாதானத்தை வாங்கிக்கொண்டு, அம்மாவைச் சுற்றிப் போய், எட்டாவது பெஞ்சில் அதைக் கொடுப்பதற்கென்று டேவிட் அண்ணனை நியமித்தார்கள். "நம்ம சபையிலயும் பைபாஸ் போட்டாச்சு" என்று வாலிபர்கள் சிரித்தார்கள். போதகரும் வாய்பேசாமல் இருந்தார். அவருக்கு அடுத்த வருஷம் இடமாற்றம் வரவேண்டியிருந்தது. விசுவாசத்திலிருந்து வழுக்கிவிட்டாள், 'பின்மாற்றம்' என்று அம்மாவுக்குப் பெயர் வைத்து, ஜெபக்குழுப் பெண்கள் வீட்டுக்கு வந்து, அவளைவிட்டுக் கசப்பின் ஆவி நீங்க வேண்டும் என்று அழுது ஜெபித்து, அவள் போட்ட டீயைக் குடித்து, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா பந்திக்குப் போகாத ஏழாவது மாதம், எனக்குத் திடப்படுத்தல் நெருங்கியது. முதன்முதலாகத் திருவிருந்து எடுக்கப்போகிற நாள். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அப்பா அம்மா முழங்கால்படியிடுவது எங்கள் சபை வழக்கம். அம்மா வருவாளா மாட்டாளா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. அவள் வராவிட்டால் என் வெள்ளை கவுனையும் தலையில் போடும் வலையையும் யார் பார்க்கப்போகிறார்கள், காலியாக இருக்கும் என் இடதுபக்கத்தைத்தானே பார்ப்பார்கள் என்று அழுதேன்.

அதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் தனராஜ் அங்கிள் ஸ்கூட்டரில் எங்கள் பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "சிஸ்டர், மொதல்ல கையை ஓங்கினது நான்தான். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அம்மா அவரை உட்காரவைத்தாள். அவள் முகத்தை அப்படி நான் பல மாதங்களாகப் பார்த்ததில்லை. நான் கேட் அருகில் போய் அப்பாவுக்காகக் காத்து நின்றேன். அப்பாவின் மொபெட் தெருமுனையில் திரும்பியது, ஸ்கூட்டரைப் பார்த்தது, நின்றது. அப்பா என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார். நான் சரியென்று தலையாட்டினேன். அவர் ஏரிக்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"அப்பா வந்துட்டாராடி?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள். "இல்லம்மா" என்றேன்.

தனராஜ் அங்கிள் இரண்டு டீ குடித்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார்.

திடப்படுத்தல் அன்று அம்மா பெஞ்சை விட்டு எழுந்து வரவில்லை. அப்பாவோடு மட்டும் முழங்கால்படியிட்டு, அப்பத்தை வாயில் வாங்கும்போது, அம்மாவை வெறுத்துக்கொண்டே விழுங்கினேன். அதற்கடுத்த வாரம் அவள் தனியாக பஸ் ஏறி தனராஜ் அங்கிள் வீட்டுக்குப் போய், அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். மறுமாதம் எழுந்து பந்திக்குப் போனாள். ஜெபம் ஜெயித்துவிட்டது என்று கமிட்டி நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டது.

அப்பா இப்போது இல்லை. தனராஜ் அங்கிள் அந்த வருஷமே வேறு சபைக்குப் போய்விட்டவர். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஆலயத்தில் கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டார்கள். அவரவர் இடத்தில் நின்று காற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள், கேமரா இருந்தால் கேமராவைப் பார்த்து. யாருடைய வியர்வையும் யார் மேலும் ஒட்டுவதில்லை. அவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

அம்மா என்னோடு நாவலூரில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிறு, முழங்கால் வலியால் கோயிலுக்குப் போகமுடியாமல், டிவியில் ஆராதனை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பழைய கூட்டத்தை வழக்கம்போல் நான் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் கோழைத்தனத்துக்கு ஒரு உதாரணமாகத்தான், ஏரிக்கரைப் பக்கம் அவர் வண்டியைத் திருப்பிய கதையையும் சொல்லிவிட்டேன்.

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்டி. அந்த மொபெட் சத்தம் எனக்குத் தெரியாதா? நீ தலையாட்டினதையும் ஜன்னல் வழியா பார்த்தேன். திடப்படுத்தல் அன்னிக்கு நான் உன் பக்கத்துல வந்து முட்டிபோடாதது உங்கப்பாவுக்காகன்னா நெனச்சே?"

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அந்த ஒரு வாரமும் ராத்திரி படுக்கப் போகும்போதெல்லாம், இப்ப சொல்லிடுவே, இப்ப சொல்லிடுவேன்னு பார்த்தேன்" என்றாள் அம்மா. "சொல்லியிருந்தா அங்கிள் வீட்டுக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போயிருக்கலாம்."