திருநின்றவூர் – கும்மிடிப்பூண்டி: நடுவில் ரயில் இல்லை

எங்கள் வீடு திருநின்றவூரில். என் கணவருக்கு வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். ஒரே மாவட்டம்தான், இரண்டு ஊரிலும் மின்சார ரயில் நிற்கும். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் போய், பேசின் பிரிட்ஜில் மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். எழுபது கிலோமீட்டருக்கு மேல். எல்லோரும் பட்டணத்துக்குத்தான் போவார்கள் என்று நினைத்துத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஒரு புறநகர்க்காரிக்கு இன்னொரு புறநகரில் ஆள் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் இங்கே வீடு கட்டியபோது அவர் கம்பெனி அம்பத்தூரில் இருந்தது. அங்கே இடத்தின் விலை ஏற ஏற, பட்டறைகள் அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டு வெளியே நகர்ந்தன. அவர் கம்பெனியும் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டது. வீட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட முடியுமா? அவர் அங்கே அறை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஞாயிறு விடுமுறை. ஆவடி துணிக்கடையில் வேலை பார்க்கும் எனக்குப் புதன். ஞாயிறன்று அவர் வீட்டுக்கு வருவார், நான் கடையில் யாருக்கோ சேலை விரித்துக்கொண்டிருப்பேன். இரவு நான் திரும்புவதற்குள் அவர் கிளம்பிவிடுவார்.

அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை 12.30 முதல் 1 மணி வரை. போன மாதம் ரயிலில் போனேன். கம்பெனி கேட்டை அடைந்தபோது 1.05. சாப்பாட்டு கேரியரைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அன்று வழியெல்லாம் அழுகை. அதனால் இந்தப் புதன் கேரியரோடு பஸ்ஸில் கிளம்பினேன். அவரிடம் சொல்லவில்லை.

காலை 9.50க்குத் திருநின்றவூரில் பெரியபாளையம் பஸ். சாதாரண பஸ் என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. பாக்கம் தாண்டியதும் வயல் பாதி, மனைக்கல் பாதி. 'ரயில் நிலையம் பத்தே நிமிடம்' என்று ஒரு பலகை. நாங்கள் மனை வாங்கியபோதும் இதே பத்து நிமிடம்தான்; எந்த வாகனத்தில் என்று இன்றுவரை தெரியவில்லை. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆறு, வெங்கலைத் தாண்டினால் பூந்தோட்டங்கள்.

பெரியபாளையம் 10.45. ஒரு டீ குடித்தேன், பத்து ரூபாய். கிளாஸைக் கீழே வைப்பதற்குள் புதுவாயல் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்தது 11.12க்கு. ஆரணி வழியாகப் புதுவாயல் 11.50. நெடுஞ்சாலையில் வேறு பஸ் பிடித்து கும்மிடிப்பூண்டி 12.28. மொத்தம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்.

ஷேர் ஆட்டோக்காரர் அசையவில்லை. "ஆளு ரொம்பட்டும்மா. இன்னா அவசரம், இன்டர்வியூவா?"

"இல்லண்ணா, ஊட்டுக்காரரப் பாக்கணும். ஒரு மணிக்கு உள்ள போய்டுவாரு."

"அத்த மொதல்லயே சொல்றதில்ல? குந்தும்மா, குந்து!" காலி ஆட்டோ பறந்தது. இருபது ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

கேட் 12.46. போன் செய்தேன். இரண்டே நிமிடத்தில் கழுத்தில் அட்டை ஆட ஓடி வந்தார்.

"இன்னாடி இது, சொல்லாம கொள்ளாம?"

"சொன்னா வராதன்னுவீங்க."

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நான் வீட்டு மோட்டார் பழுதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல நினைத்தது அதுவா?

சங்கு ஊதியது. அவரை அழைத்துப்போக வந்த நண்பர் கேரியரைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணி, இப்பத்தான் கேன்டீன்ல ஃபுல் மீல்ஸ் அட்ச்சிகினு இருந்தாரு. இது ரெண்டாவது ரவுண்டா?"

"சும்மா இருடா," என்றார் என் கணவர். கையைக் கழுவி, ஈரத்தோடு என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: புதுவாயல் பஸ் குறைவு, பெரியபாளையத்தில் டீ வேண்டாம். அந்த டீ இல்லாவிட்டால் எனக்கு முழு அரை மணி நேரம் கிடைத்திருக்கும். ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பார்க்கப் போகிறவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகாதீர்கள். கிடைத்தது பன்னிரண்டு நிமிடம். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.