அண்ணனுக்கு நான் வாசிக்காமல் விட்ட வரி

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் அவருடைய உடன்பிறந்த தம்பியின் வணக்கம். இதுபோன்ற மலரில் மறைந்தவரின் பெருமைகளை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். நானும் அவற்றை எழுதுகிறேன். கூடவே என்னுடைய தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டியிருக்கிறது. அதை எழுதாமல் விட்டால், அண்ணனைப் பற்றி ஊரில் பேசப்படும் ஒரு பொய் அப்படியே நின்றுவிடும். பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில், கடலைக் கொல்லைகளில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அப்பா காலமானபோது அண்ணன் ஐந்தாம் வகுப்பு. நான் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தோடு அவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தேங்காய் உரிக்கப் போனார். நான் ஐ.டி.ஐ. படித்து முடித்ததும், கட்டுமான வேலைக்காகச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறியதும் அவருடைய உழைப்பில்தான். இதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை.

அண்ணனைப் போல ஜாக்கிரதையான மனிதரை நான் பார்த்ததில்லை. பல்பு மாற்றுவதற்கு மெயினையே அணைப்பார். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தவர், எழுந்து போய் மறுபடியும் தொட்டுப் பார்ப்பார். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடி போடும் இடத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு நிற்பார். ‘ரெண்டு தரம்’ என்று உறவுக்காரர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். தாலி முடிச்சைக்கூட இன்னொரு தரம் இழுத்துப் பார்த்த மாப்பிள்ளை என்று அண்ணியின் வீட்டார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்படிப்பட்டவர்தான் ஊருக்குப் பக்கத்துத் தேங்காய் நார் மில்லில் இருபது வருடத்துக்கும் மேலாக மட்டை அடிக்கும் மிஷினை ஓட்டினார். ஒரு சின்னக் காயம்கூடப் பட்டதில்லை. ஒரு முறை, மிஷினின் பெல்ட்டை மூடியிருக்கும் கம்பி வலையைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. வலை இல்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று மேனேஜரிடம் அண்ணன் மூன்று முறை சொன்னார். “லோடு போகணும், இன்னிக்கு ஓட்டுங்க, நாளைக்கு மாட்டிக்கலாம்” என்பதே பதில். நான்காம் நாள் அந்தப் பெல்ட் அவருடைய வலது கையை உள்ளே இழுத்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலேயே கையை எடுக்க வேண்டியதாயிற்று.

செய்தி கேட்டு இருபது நாள் லீவில் ஓடி வந்தேன். வெளிநாட்டில் இருப்பவனுடைய லீவு எப்படி என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காதுகுத்து, பத்திரப் பதிவு, பல் பிடுங்குவது எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடித்துவிட்டுப் போக வேண்டும். அண்ணனின் கையையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. புதுக்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். “அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் வரட்டும். தொழிலாளர் துறையில மனுப் போட்டு வாங்குவோம். ஒரு வருஷம் முன்னப் பின்ன ஆகலாம்” என்றார். மில் தரப்பில் வேறு விதமாகச் சொன்னார்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் உடனே ஒரு தொகை தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அண்ணன் காத்திருக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது.

“ஒரு வருஷம் ஒங்களோட யாருண்ணே கோர்ட்டு, ஆபீசுன்னு அலையுறது? நான் அங்கிட்டுப் போயிட்டா அண்ணி ஒத்தையில என்ன செய்வாங்க? குடுக்குறத வாங்கிட்டு வேலையப் பாருங்க.”

அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு சொன்னார்: “காசு கூடக் கொறைய இருந்துட்டுப் போகட்டும்டா. வலை இல்லாம ஓட்டச் சொன்னது அவங்க. அத எழுத மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா என் கவனக்குறைவுன்னு மட்டும் எழுதக் கூடாது. அப்புடி எழுதிக் குடுக்குற காசு எனக்கு வேணாம்.”

அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

நான் சிங்கப்பூர் திரும்ப மூன்று நாள் இருந்தபோது மேனேஜர் முத்திரைத் தாளோடு வீட்டுக்கு வந்தார். எழுத்தெல்லாம் பொடிப் பொடியாக இருந்தது. அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஆபீஸ் தமிழ் அவருக்கு ஓடாது. “நீ வாசிடா” என்று என்னிடம் கொடுத்தார். அண்ணி கதவோரம் நின்றிருந்தார். சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் போனபோது, அடுத்த வரி கண்ணில் பட்டது. ‘மேற்படி விபத்து முழுக்க முழுக்க என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.’

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தாளை மேனேஜர் முகத்தில் வீசியிருக்கலாம். அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தால்கூட ஒரு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். என்னிடம் இருந்தது மூன்று நாள். அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டார்.

“என் மேல தப்புன்னு எதுவும் இல்லையேடா?” என்று அண்ணன் கேட்டார்.

“இல்லண்ணே.”

“ரெண்டு தரம் பாத்தியா?”

“பாத்துட்டேண்ணே, போடுங்க.”

கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார். பேனாவை இடது கையில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். இடது கையால் அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

சிங்கப்பூரில் தினமும் காலையில் வேலைக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள். மூடி இல்லாத மிஷினைத் தொடக் கூடாது என்பார்கள். கேட்டுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாரத்தில் ஏறுவோம். இவ்வளவு தெரிந்த நான்தான் அதைச் செய்தேன்.

அந்தத் தாளில் இருந்தது மேனேஜர் வாய் வழியாக ஊருக்குள் பரவியது. “ரெண்டு தரம் பாக்குறவரு அன்னிக்கு ஒரு தரம்கூடப் பாக்கல போல” என்று சிலர் பேசினார்கள். வேறொரு மில்லில் மேற்பார்வை வேலை கேட்டுப் போனார்; கவனம் இல்லாதவருக்கு மிஷின் பக்கம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏன் எல்லோரும் அப்படிப் பேசுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. கடைசிவரை ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் போட்டு நிறுத்தும் வேலைதான் பார்த்தார். மகளை அந்த வருமானத்தில்தான் கல்லூரி வரை படிக்க வைத்தார். சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க நான் வந்து சேர்ந்தேன். பேச்சைக் கேட்க முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் வாரிசுச் சான்றிதழுக்காக அண்ணி அவருடைய பெட்டியைத் திறந்தார். பாலிதீன் கவருக்குள் அந்த முத்திரைத் தாளின் நகல் இருந்தது. நான் அவசரமாக அதை எடுத்து மடித்தேன்.

“மடிக்காதீங்க தம்பி. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.”

அதன் பிறகுதான் முழுவதையும் சொன்னார். கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருடத்தில், வெட்டிய இடத்தில் வலி தாங்காமல் மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. ஏதாவது வழி உண்டா என்று கேட்க இருவரும் அதே வக்கீலிடம் போயிருக்கிறார்கள். வக்கீல் தாளை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்திருக்கிறார். அண்ணன் அந்த வரியை முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். “இது பதிவு பண்ணாத ஒப்பந்தம், இன்னமும் எதிர்க்கலாம். ஒழுங்கா வாசிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு நீங்க சொல்லணும். யாரு வாசிச்சுக் காட்டுனது?” என்று வக்கீல் கேட்டிருக்கிறார்.

“யாரும் இல்ல சார். நாந்தான் வாசிச்சேன். தெரிஞ்சுதான் போட்டேன்.”

இதுதான் அண்ணன் சொன்ன பதில். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அண்ணியிடம் சொன்னாராம்: “அவன்கிட்ட இதப் பத்திக் கேட்டுறாத. சாரத்துல ஏறி நிக்கிறவன். மனசு சரியில்லாம நின்னான்னா கால் தவறிரும்.”

அதன் பிறகு மூன்று வருடம் வாராவாரம் போனில் பேசினோம். “சாரத்துல கொக்கி மாட்டுனியாடா? இழுத்துப் பாத்தியா?” என்று கேட்பார். “சரிண்ணே, சரிண்ணே” என்று நான் சலித்துக்கொள்வேன். எல்லாம் தெரிந்துகொண்டேதான் அப்படிக் கேட்டிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது, எழுதக் கூச்சமில்லை.

ஆகவே உறவினர்கள் முன்னால் சொல்கிறேன். அந்த விபத்து அண்ணனின் கவனக்குறைவால் நடந்ததல்ல. வலை இல்லாத மிஷினை ஓட்டச் சொன்னவர்களால் நடந்தது. அவர் ஒப்புக்கொண்டதாகத் தாளில் இருப்பது, கையெழுத்துப் போடும்போது அவர் காதுக்கே போகாத ஒரு வரி. அதை மறைத்தவன் நான்.

விபத்தன்று ஓடிப்போய் மெயினை நிறுத்தி, தன் துண்டால் அண்ணனின் கையைக் கட்டிய சக தொழிலாளிக்கும், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும், வேலை கொடுத்து மரியாதையாக நடத்திய தோப்புக்காரருக்கும், இறுதிச் சடங்கை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்தார். தாள்களைத் திருப்பிக் கொடுத்தபடியே பேசினார்.

“போடுங்க தம்பி. நாலு பேருக்குத் தெரியணும். ஆனா அவரு மட்டும் இருந்திருந்தா, எல்லாப் பொஸ்தகத்துலயும் இந்தப் பக்கத்தக் கிழிச்சு எடுத்துட்டுத்தான் கொடுத்திருப்பாரு.”