வெர்னாவின் கை சும்மா இருந்த வாரம்

அமெரிக்காவின் டேட்டன் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னாவுக்குக் கை சும்மா இருக்காது. யார் வீட்டு நாயைக் கண்டாலும் தடவ வேண்டும், யார் பிள்ளை கிடைத்தாலும் தூக்க வேண்டும். அப்படிப்பட்டவள் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மலைப்பாம்புக் குட்டியை வாங்கினாள் என்றால் அந்தக் குட்டியின் தலையெழுத்தை என்னவென்று சொல்வது!

பாம்பு வளர்த்து விற்கும் மார்லாவிடம் வாங்கியது. காப்பி நிறம், பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் இனம். பிஸ்கட் என்று பெயர் வைத்தாள். மேசை நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கிக் கூடத்தில் வைத்தாள். நாலு பக்கமும் பளிச்சென்று தெரியும். வேலை முடிந்து வந்ததும் பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் டிவி.

"பாரு டெல், எவ்வளவு சமத்தா சுருண்டு உக்காந்திருக்கு! என்கிட்ட ஒட்டிக்கிச்சு."

"உன்ன ஏதோ மரக்கட்டைன்னு நினைச்சிருக்கும்," என்றார் கணவர் டெல்பர்ட்.

"போய்யா, வயித்தெரிச்சல்!"

எல்லாம் சரி, பிஸ்கட் சாப்பிட மாட்டேன் என்றது. உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி, தன் ஹேர் டிரையரால் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த வாரமும் அதே கதை, அதற்கடுத்த வாரமும் அதே கதை. முதுகெலும்பு துருத்த ஆரம்பித்தது. வெர்னா பதறிப்போய் மார்லாவுக்குப் போன் போட்டாள்.

"ஒளிஞ்சுக்க ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டாள் மார்லா.

"ஒளியறதுக்கா? எனக்குத் தெரியணும்ல!"

"கையில எடுக்கிறியா?"

"தினமும்! மடியில சமத்தா சுருண்டு உக்காந்துக்கும். எடுத்தாத்தானே பழகும்?"

"அட கடவுளே! அது பழகல வெர்னா, நடுங்கிக் கிடக்கு. சுருண்டு உக்காந்துச்சுன்னியே, அது பாசம் இல்லம்மா, பயம். கண்ணாடிய மூடு. உடம்பு உரசுற மாதிரி சின்னப் பெட்டியா ரெண்டு வை, சூடான மூலையில ஒண்ணு, குளுந்த மூலையில ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொடாத. அன்னிக்கும் திங்கலன்னா என்கிட்ட கொண்டுவந்துடு. சின்னக் குட்டி, தாங்காது."

போனை வைத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆசை ஆசையாக மடியில் வைத்துக் கொஞ்சியதெல்லாம் அந்தச் சின்ன உயிருக்கு நரகமாக இருந்திருக்கிறதே! மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு அட்டைப் பெட்டிகளில் வாசல் வெட்டி உள்ளே வைத்தாள். தொட்டியைச் சுற்றிலும் துண்டுகளைப் போர்த்தினாள்.

அந்த வாரம் அவள் பட்ட பாடு! தண்ணீர் மாற்றும்போதுகூடத் தலையைத் திருப்பிக்கொண்டாள். சுத்தமாக இருந்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நடக்கிற சாக்கில் துண்டின் நுனிப்பக்கம் கை போகும். உடனே சோபாவிலிருந்து குரல் வரும்.

"வெர்னா! கை!"

"தூசி தட்டினேன்ப்பா!"

"தட்டுன வரைக்கும் போதும், வா இங்க."

ஞாயிறு சாயங்காலம் எலியைச் சூடாக்கிப் பெட்டி வாசலில் வைத்துவிட்டு விலகிப் போனாள். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள். பிஸ்கட்டைக் கொண்டுபோய் விடப் பழைய தலையணை உறை ஒன்றைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

விடிந்ததும் துண்டை விலக்கினாள். எலியைக் காணோம். பெட்டிக்குள் பிஸ்கட் நீட்டிக் கிடந்தது, நடு உடம்பில் நல்ல புடைப்பு.

"டெல்! தின்னுடுச்சு! என் தங்கம் தின்னுடுச்சுய்யா!"

சமையலறையிலிருந்து ஓடிவந்த டெல்பர்ட் கத்தினார். "ஏய், மூடியத் திறக்காத! வயித்துல இரை இருக்கும்போது எடுத்தா கக்கிடும். ரெண்டு நாளைக்குத் தொடவே கூடாதுன்னு முதல் நாளே மார்லா சொன்னாள்ல?"

வெர்னாவின் கை பாதியில் நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை, தொடவும் கூடாது. அப்படியே திரும்பிக் கணவரைக் கட்டிப்பிடித்து இறுக்கினாள்.

"விடுடி!" என்று திணறினார் டெல்பர்ட். "நானும் இப்பத்தான் சாப்பிட்டேன்!"